20 பைட் பேக்கப்: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஷெல் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோற்ற கதை

பேக்கப் ஃபோல்டரில் தேதி போட்ட ஃபைல்கள் வரிசையாக இருந்தன. ஒரு ராத்திரிகூட விடுபடவில்லை. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட்.

இடம் திருப்பூர், பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் எல்லாம் ஒரே கட்டடத்தில். சாயத்துக்கும் பிரிண்டிங்குக்கும் வெளியே ஜாப் ஒர்க். பீஸ் ரேட் டெய்லர்களுக்கு வாரக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. எந்த பண்டிலில் யார் எந்த வேலையைத் தைத்தார்கள் என்ற பதிவு, ஜாப் ஒர்க் டிசி (வெளியே அனுப்பும் சரக்குக்கான சீட்டு), பார்ட்டி பில் அத்தனையும் ஆபீஸ் மூலையில் ஓடுகிற ஒரு லினக்ஸ் சர்வரில், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் யூபிஎஸ் பேட்டரி கைவிட்டது. கரண்ட் அடுத்தடுத்துப் போய் வந்ததில் சர்வரின் ஹார்ட் டிஸ்க் அடி வாங்கியது. அதன்பிறகு டேட்டாபேஸ் எழும்பவில்லை.

கம்பெனியில் யாரும் பெரிதாகப் பதறவில்லை, பேக்கப் இருக்கிறதே என்று. புது டிஸ்க் போட்டு, லினக்ஸ் ஏற்றி, முந்தின ராத்திரி ஃபைலை ரீஸ்டோர் செய்தார்கள். ஒரு எரர்கூட வரவில்லை, கட்டளை நொடியில் முடிந்துவிட்டது. சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒரு டேபிளும் இல்லை. அதற்கு முந்தின நாள் ஃபைலைப் போட்டார்கள், அதுவும் அப்படியே. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஃபைல் தெனமும் வந்துட்டுத்தானுங்ணா இருந்துச்சு. தேதி போட்டு, வரிசையா. லாகுலயும் ஓகேன்னுதானுங்க இருக்குது" என்றார் கணக்குப் பார்க்கிற பெண். அவர் சொன்னது முழுக்க உண்மை. லாக் ஃபைலைத் திறந்தால் ஆயுத பூஜைக்கு முன்னாலிருந்து விபத்து நடந்த ராத்திரிவரை எல்லா வரியிலும் "ஓகே" இருந்தது. முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, சனிக்கெழம சம்பளம் போடோணும். கணக்கு கெடைக்குமா கெடைக்காதா?"

அந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பது பின்னால் வருகிறது. பேக்கப் எடுக்கிற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல், மூன்று மாதம் தினமும் தோற்றுக்கொண்டே எப்படி "ஓகே" எழுதியது என்பதைத்தான் முதலில் விளக்க வேண்டும். இதேபோல எழுதிய ஸ்கிரிப்ட்களைக் கோவை, ஈரோடு, கரூர் என்று நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். அவையும் இன்று ராத்திரி "ஓகே" எழுதப் போகின்றன.

பழைய ஸ்கிரிப்ட்

மொத்தமே பத்து வரிக்குள் அடங்கிவிடும். முதல் வேலை, டேட்டாபேஸை வெளியே எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்-டம்ப் கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாக்கும் இணைப்பு) வழியாக ஜிஸிப் என்ற சுருக்கும் கருவிக்குக் கொடுத்து, அன்றைய தேதிப் பெயரில் ஃபைலாகச் சேமிப்பது. டம்ப் கட்டளையின் எரர் செய்திகள், எதைப் போட்டாலும் காணாமல் போகிற டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. அடுத்து ஒரு இஃப்: முந்தைய கட்டளையின் எக்ஸிட் கோடு (முடியும்போது அது விட்டுப்போகும் எண்) 0 என்றால் லாக்கில் "ஓகே" என்று எழுது. பிறகு, திரும்பி வராத ஜாப் ஒர்க் டிசிக்களைக் கிரெப் என்ற தேடும் கட்டளை போட்டுப் பொறுக்கித் தனி ஃபைலில் வைக்கிற ஒரு வரி. பிறகு, 30 நாளுக்கு மேற்பட்ட பேக்கப்களை அழிக்கிற ஃபைண்ட் கட்டளை. கடைசியாக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி, மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டெலீட் ஆப்ஷனோடு, பேக்கப் ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்.

ஸ்கிரிப்டின் இரண்டாம் வரியில் "செட் மைனஸ் இ" இருந்தது. ஆனால் அதன் முன்னால் ஹேஷ் குறி போட்டு முடக்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் அதைப் போட்டிருக்கிறார், வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

எப்படித் தோற்றது

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஆபீஸில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். வழக்கப்படி டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை மாற்றினார்கள். அது சரியான செயல். ஆனால் பேக்கப் ஸ்கிரிப்டுக்குள் பழைய பாஸ்வேர்டே நின்றுவிட்டது. அன்று ராத்திரியிலிருந்து மைஎஸ்க்யூஎல்-டம்ப் உள்ளே நுழைய முடியாமல் 1045 எண்ணுள்ள "அனுமதி இல்லை" எரரைக் கொடுத்துவிட்டு, எக்ஸிட் கோடு 2 உடன் வெளியேறியது.

அந்த எரர் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே கொடுத்தால், அது பாதுகாப்பில்லை என்று மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு முறையும் ஒரு எச்சரிக்கை போடும். 5.6 பதிப்பிலிருந்து இப்படித்தான். தினமும் லாக்கில் அந்த வரி வந்து தொந்தரவு செய்ததால், எரர் வழியையே டெவ்-நல்லுக்குத் திருப்பி அடைத்துவிட்டார்கள். எச்சரிக்கை போனது, அதோடு உண்மையான எரரும் போனது. இரண்டும் வருகிற வழி ஒன்றுதான். பாஸ்வேர்டைத் தனி ஆப்ஷன் ஃபைலில் வைத்து, அதன் உரிமையை 600 ஆக்கியிருந்தால் எச்சரிக்கையே வந்திருக்காது. வாயை அடைக்கும் தேவையும் இருந்திருக்காது.

அடுத்தது பைப். ஷெல்லில் எக்ஸிட் கோடு என்பது 0 முதல் 255 வரை உள்ள ஒரு எண். 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வியின் வகைகள். 127 வந்தால் கட்டளையே கிடைக்கவில்லை. 126 வந்தால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. 128க்கு மேல் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிக்னல் கொன்றிருக்கிறது: 130 என்றால் கன்ட்ரோல்-சி, 137 என்றால் சிக்னல் 9, 143 என்றால் சிக்னல் 15. இந்த எண்ணை யாராவது கேட்டால்தான் அது பேசும். கேட்காவிட்டால் அடுத்த கட்டளை ஓடும்போது மறைந்துவிடும். பைப்பில் பல கட்டளைகள் வரிசையாக இருக்கும்போது ஷெல் கேட்பது கடைசிக் கட்டளையை மட்டும். கட்டிங், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், அயர்னிங் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசியில் பாலிபேக் போடுகிறவரிடம் மட்டும் "வேலை ஆச்சா" என்று கேட்பது போன்றது இது. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அவரிடம் வந்தது காலிப் பெட்டி.

ஜிஸிப்புக்கு வந்ததும் காலிதான். காலி உள்ளீட்டையும் அது ஒழுங்காகச் சுருக்கும்: 10 பைட் தலைப்பு, 2 பைட் காலித் துண்டு, 8 பைட் வால், மொத்தம் 20. அது முழுக்கச் செல்லுபடியாகும் ஜிஸிப் ஃபைல். ஜிஸிப்பின் சோதனை ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தால்கூட நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். விரித்தால் எரர் வராது. விரித்ததை மைஎஸ்க்யூஎல்லுக்குக் கொடுத்தால், செய்ய எதுவும் இல்லாததால் அதுவும் 0 கொடுத்துவிட்டு முடிந்துபோகும். ரீஸ்டோர் அன்று நொடியில் "வெற்றி" ஆனதன் காரணம் இதுதான். எடுத்தபோதும் ஏற்றியபோதும் எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சந்தேகம் இருந்தால் உங்கள் டெர்மினலிலேயே பார்க்கலாம். ஃபால்ஸ் என்ற கட்டளையின் வேலையே தோற்பது, எப்போதும் 1 கொடுக்கும். அதைப் பைப் வழியாக ஜிஸிப்புக்குக் கொடுத்து ஒரு ஃபைலில் சேமியுங்கள். உடனே, முந்தைய கட்டளையின் எக்ஸிட் கோடைத் தரும் டாலர்-கேள்விக்குறியை எக்கோ செய்தால் 0 வரும். எல்எஸ் மைனஸ் எல் போட்டால் ஃபைலின் அளவு 20 இருக்கும். இதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஸ்கிரிப்ட் எழுதுகிற ஒவ்வொருவரும் ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது பேக்கப் எடுக்கப்படவில்லை என்பது மட்டும். அதைவிடக் கொடுமை அடுத்த வரி செய்தது. 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் ஃபைண்ட் கட்டளைக்கு, புது பேக்கப் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றிக் கவலையில்லை. தினமும் ஒரு 20 பைட் ஃபைல் உள்ளே வந்தது, தினமும் ஒரு நல்ல ஃபைல் வெளியே போனது. தீபாவளி தாண்டி ஒரு நாள், கடைசி நல்ல பேக்கப்பையும் ஸ்கிரிப்ட் தன் கையாலேயே அழித்தது. ஆர்சிங்கின் டெலீட் ஆப்ஷன் அதே ராத்திரி வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் அதைத் துடைத்தது. ஸ்கிரிப்டே இல்லாமல் பழைய நகல் ஒன்று மேஜை டிராயரில் கிடந்திருந்தால் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானைப் பற்றிச் சுருக்கமாக. ஓட்டுகிற வேலை ஏதாவது எழுதினால் அதை மெயிலில் அனுப்ப முயலும், அவ்வளவுதான். வேலையின் எக்ஸிட் கோடு என்னவென்று அது கவலைப்படாது. இங்கே அந்த வெளியீட்டையும் டெவ்-நல்லுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இது சின்ன ஊரில், சின்ன கம்பெனியில், ஆள் பற்றாக்குறையால் வந்த கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்துவைக்கும் சேவை நடத்துகிற கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்தார். பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பாக இருக்க, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் கிரான் மெயில்களும் டிமார்க் என்ற மெயில் சரிபார்ப்பு முறை அவற்றுக்கு இயக்கப்படாததால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்கள் இதை மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். பல்லடம் ரோட்டில் நடந்தது அதே சங்கிலிதான்: கருவி தோற்றது, தோல்வியைச் சொல்லும் வழியும் அடைபட்டிருந்தது, வெளியே எல்லாம் பச்சையாகத் தெரிந்தது.

கணக்கு கிடைத்த விதம்

பழைய டிஸ்க்கை முதலில் டிடி-ரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்குக்கு முழுதாக நகலெடுத்தோம். அசல் மேல் யாரும் கைவைக்கவில்லை. நகலின் மேல் மைஎஸ்க்யூஎல்லை, அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் கட்டாய மீட்பு முறையில் ஏற்றினோம். அதற்கு 1 முதல் 6 வரை நிலைகள் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் போனால் தரவு நிரந்தரமாகக் கெடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. கீழ் நிலையிலேயே பெரும்பாலான டேபிள்கள் வந்துவிட்டன. பண்டில் பதிவு டேபிளின் கடைசிப் பகுதி மட்டும் வரவில்லை, அதாவது அந்த வாரக் கூலிக்கான பகுதியே இல்லை.

அதை மீட்டது டெய்லர்களின் நோட்டு. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் பலரும் தங்கள் பீஸ் கணக்கைத் தாங்களே சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பண்டில் சீட்டிலிருந்து கிழித்த கூப்பனை ஒட்டி வைப்பவர்களும் உண்டு. செக்கிங் டேபிளில் அந்த நோட்டுகளை வாங்கி, கட்டிங் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, கணக்குப் பார்க்கிற பெண் கையால் ஏற்றினார். சனிக்கிழமை ராத்திரி வெகுநேரமாகியும் கூலி முழுசாகப் பட்டுவாடா ஆனது. நோட்டில் இருந்த கணக்குக்கும் கட்டிங் ரிஜிஸ்டருக்கும் பெரிய வித்தியாசம் எங்கும் வரவில்லை.

முடக்கப்பட்ட அந்த ஒரு வரி

செட் மைனஸ் இ போட்டால், எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும் என்பார்கள். பாதிதான் உண்மை. அதை ஏன் முடக்கினார்கள் என்று விசாரித்தபோது, "ஞாயித்துக்கெழமையானா நின்னுக்குதுங்ணா, மத்த நாள் ஓடுது" என்று முன்பு யாரோ சொன்னதாக நினைவுகூர்ந்தார்கள். காரணம் கிரெப் வரி. தேடியது கிடைத்தால் கிரெப் 0 கொடுக்கும், கிடைக்காவிட்டால் 1, ஃபைலே இல்லை என்பது போன்ற உண்மையான கோளாறு என்றால் 2. ஞாயிறு விடுமுறை. அன்றைய பட்டியலில் நிலுவை டிசி எதுவும் இல்லாததால் 1 வந்தது. செட் மைனஸ் இ அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்டை நிறுத்தியது. நிற்பது தொல்லையாக இருந்ததால் காவலையே எடுத்துவிட்டார்கள்.

இப்படி வரும்போது பலரும் செய்வது, கிரெப் வரியின் முடிவில், தோற்றாலும் வெற்றி என்று ஆக்கிவிடும் "ஆர் ட்ரூ" சேர்ப்பது. எனக்கு அது பிடிக்காது. 1ஐ மன்னிக்கும்போது 2ஐயும் சேர்த்து மன்னித்துவிடுகிறது. எக்ஸிட் கோடைத் தனி மாறியில் வாங்கி, 0 என்றால் இருக்கிறது, 1 என்றால் இல்லை, வேறு எது வந்தாலும் நில் என்று கேஸ் போட்டு எழுதினால் நாலு வரி கூடும், கூடட்டும். டிஃப் கட்டளைக்கும் இதே கணக்கு: 0 வந்தால் ஒன்றுபோல், 1 வந்தால் வித்தியாசம், 2 வந்தால் கோளாறு. ஆர்சிங்க் ஓடும்போதே மூல ஃபைல் ஏதாவது மறைந்துவிட்டால் 24 தரும், சில ஃபைல் மட்டும் போகவில்லை என்றால் 23. எந்த எண்ணை மன்னிக்கிறோம் என்பது கட்டளைக்குக் கட்டளை தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு.

செட் மைனஸ் இ சும்மா இருந்துவிடுகிற இடங்களும் நிறைய. இஃப், வைல், அன்டில் இவற்றின் நிபந்தனைக்குள் தோற்றால் நிற்காது. அண்ட்-அண்ட், ஆர்-ஆர் இவற்றின் இடப்பக்கத்தில் தோற்றாலும் நிற்காது. இதுவரை நியாயம், தோல்வியை நாம்தான் கேட்டு வாங்குகிறோம். ஆனால் ஒரு ஃபங்ஷனையே இஃப்புக்குள் கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனின் உள்ளே உள்ள அத்தனை வரிகளுக்கும் செட் மைனஸ் இ செத்துவிடுகிறது. "பேக்கப் ஃபங்ஷனை ஓட்டு, தோற்றால் மெசேஜ் அனுப்பு" என்று ஆர்-ஆர் போட்டு ஒரே வரியில் எழுதுவது எவ்வளவு இயல்பாக வருகிறது! அந்த ஒரு வரியால் ஃபங்ஷனுக்குள் ஃபோல்டர் மாற்றும் சிடி தோற்றாலும் அடுத்த வரியில் இருக்கும், ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் ஓடும், அதுவும் நின்ற இடத்திலேயே. ஷெல்லில் எனக்கு மிகவும் பயமுள்ள இடம் இதுதான்.

இன்னொன்று, லோக்கல் மாறி அறிவிப்பு. ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவித்து அதே வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை வாங்கினால், அந்த வரியின் எக்ஸிட் கோடு லோக்கலுடையது, கட்டளையுடையது அல்ல. லோக்கல் 0 தந்துவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை அடுத்த வரியிலும் எழுத வேண்டும். ஷெல்செக் என்ற இலவசக் கருவி இதை எஸ்சி2155 என்ற எண் போட்டுச் சுட்டிக்காட்டும். சிடிக்குப் பின் தோல்வியைக் கவனிக்காமல் விட்டால் எஸ்சி2164. அந்தக் கருவியை ஓட்டாமல் ஒரு ஸ்கிரிப்டையும் சர்வரில் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து.

பைப்புக்கான மருந்து பைப்ஃபெயில் ஆப்ஷன். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி. யூனிக்ஸில் பைப் வந்தது 1973இல், பாஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் வந்தது 2004இல், 3.0 பதிப்பில். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்துக்குள் நுழைந்தது 2024இல்தான். இதனால் ஒரு சிக்கல். அந்த கிரான் வரி ஸ்கிரிப்டை "எஸ்ஹெச்" போட்டு ஓட்டியது. டெபியன், உபுண்டு சர்வர்களில் எஸ்ஹெச் என்றால் பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல். அந்த சர்வரில் இருந்த டாஷுக்கு பைப்ஃபெயில் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்று ஷெபாங் (எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு) போட்டிருந்தாலும், கூப்பிடும்போது எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் ஷெபாங்கை யாரும் பார்ப்பதில்லை. ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே "இப்படி ஒரு ஆப்ஷன் இல்லை" என்று சொல்லி நிற்கும். கிரான் அந்த வெளியீட்டை டெவ்-நல்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அதுவும் யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் மாற்றியது கிரான்டேப், அதாவது கிரானின் வேலைப் பட்டியல்.

பைப்ஃபெயில் போட்டபின் எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பேக்கப்பை விரித்துப் பைப் வழியாக கிரெப்பின் க்யூ ஆப்ஷனுக்குக் கொடுத்து, குறிப்பிட்ட டேபிள் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறோம். கிடைத்தவுடன் கிரெப் கிளம்பிவிடும். விரித்துக்கொண்டிருந்த ஜிஸிப் கேட்க ஆளில்லாத பைப்பில் எழுத முயன்று, சிக்னல் 13இல் அடிபட்டு 141 கொடுக்கும். தேடியது கிடைத்த அதே காரணத்தால் சோதனை தோற்றதாகிவிடும். லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட். சின்ன ஃபைலில் சோதித்தால் இது தெரியாது, நிஜ டேட்டாபேஸில்தான் வெடிக்கும்.

புது ஸ்கிரிப்ட்

எழுதும்போது ஒன்றில் உறுதியாக இருந்தேன்: நிரூபிக்கும்வரை தோல்வி. எரர் வரவில்லை என்பதை வெற்றிக்குச் சான்றாக எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

செட் மைனஸ் இ, மதிப்பே கொடுக்காத மாறி வந்தால் நிறுத்தும் செட் மைனஸ் யூ, பைப்ஃபெயில் மூன்றும் தலையில். பாதைகளை வைத்திருக்கும் மாறிகள் ஒவ்வொன்றும், காலியாக இருந்தால் அங்கேயே நிற்கும்படி அடைப்புக்குறி-கோலன்-கேள்விக்குறி முறையில். இதற்கு ஒரு வரலாறு உண்டு: 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்டில் ஒரு பாதை மாறி காலியாகிப்போக, ஆர்எம் கட்டளை ரூட்டிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு பேக்கப் ஓடாமல் எஃப்லாக். வெளி டிஸ்க் உண்மையிலேயே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று மவுன்ட்பாயின்ட் கட்டளையால் கேட்பது. இல்லாவிட்டால் காலி ஃபோல்டருக்குள் நகல் போய், சர்வர் டிஸ்க்கே நிரம்பிவிடும்.

டம்ப் நேராக இறுதிப் பெயருக்குப் போவதில்லை. முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்படும். பைப் தோற்காவிட்டாலும் உடனே நம்புவதில்லை. மைஎஸ்க்யூஎல்-டம்ப் முழுதாக முடிந்தால் கடைசி வரியில் "டம்ப் முடிந்தது" என்று ஆங்கிலத்தில் தேதியோடு ஒரு குறிப்பு எழுதும். விரித்து, டெயில் கொண்டு அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம். நேற்றைய ஃபைலின் பாதி அளவுக்கும் கீழே இருந்தால் நிற்கிறோம். இவ்வளவும் தாண்டினால்தான் எம்வி மூலம் சரியான பெயர் கிடைக்கும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடும், பாதியில் நிற்காது. எனவே இறுதிப் பெயரோடு ஒரு ஃபைல் இருந்தால் அது சோதனை தாண்டிய ஃபைல்.

அழிப்பது அதற்குப் பின்னால்தான். அதுவும் நாள் கணக்கில் இல்லை. எத்தனை நாளானாலும் கடைசி 14 நல்ல ஃபைல்கள் இருக்கும். வெளி டிஸ்க்குக்குப் போகும் ஆர்சிங்கில் டெலீட் ஆப்ஷனை எடுத்துவிட்டோம். அங்கே இடம் நிறைந்தால் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து அழிக்கட்டும்.

எக்ஸிட்டுக்கு ஒரு ட்ராப். ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அது ஓடும். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக டாலர்-கேள்விக்குறியைப் பத்திரப்படுத்திவிட வேண்டும். எக்கோ ஒன்றை அதற்கு முன்னால் போட்டால்கூட அந்த எண் போய்விடும். 0 இல்லாவிட்டால் தற்காலிக ஃபைலை அழித்து, எண்ணையும் எரர் லாக்கின் கடைசி வரிகளையும் எழுதிவைக்கும்.

ட்ராப்பால் முடியாததும் உண்டு. சிக்னல் 9 வந்தால் ஓடாது. கரண்ட் போனால் ஓடாது. இந்த விபத்தே கரண்ட் போனதால் வந்தது என்பதால் இதை விட்டுவிட முடியாது. அதனால் தோல்வியை அறிவிக்கும் பொறுப்பை ஸ்கிரிப்டிடம் மட்டும் கொடுக்கவில்லை. முழுதாக ஜெயித்தால் ஸ்கிரிப்ட் ஒரு ஃபைலின் நேரத்தைப் புதுப்பிக்கும். கணக்குப் பார்க்கிறவரின் கம்ப்யூட்டர், அதாவது வேறொரு மிஷின், காலையில் ஆன் ஆனதும் அந்த நேரத்தைப் பார்க்கும். 26 மணி நேரத்துக்கு மேல் பழசாக இருந்தால், அல்லது சர்வரே எட்டாவிட்டால், திரை முழுக்கச் சிவப்பாகத் தமிழில் செய்தி வரும். செய்தி வராமல் போவதே செய்தி ஆகிவிடக் கூடாது என்று முதலாளி கேட்டதால், எல்லாம் சரியாக இருந்தால் பச்சையில் அளவும் நேரமும் வரும்.

உடைத்துப் பார்த்தது

புது ஸ்கிரிப்டை ஓட்டிக் காட்டியதும் ஜெயித்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பழையதும் தினமும் ஜெயித்ததுதானே. வேண்டுமென்றே உடைக்கச் சொன்னேன். பாஸ்வேர்டை மாற்றினார்கள்: கோடு 2, சிவப்பு. வெளி டிஸ்க்கைப் பிடுங்கினார்கள்: சிவப்பு. ஓடிக்கொண்டிருந்த டம்ப் கட்டளைக்கு மட்டும், ஸ்கிரிப்டுக்கு அல்ல, சிக்னல் 9 அனுப்பினோம்: 137, தற்காலிக ஃபைல் அழிந்தது, பழைய ஃபைல்கள் அப்படியே. சின்ன டிஸ்க் பிரிவு ஒன்றை நிரப்பிவிட்டு அதில் எழுத வைத்தோம், ஜிஸிப் இடமில்லை என்று தோற்றது. சர்வரின் பிளக்கைக் கணக்குப் பார்க்கிற பெண்ணே உருவினார். இந்த முறை ட்ராப் ஓடவில்லை, ஆனால் அவருடைய திரை சிவந்தது. "இது தெரிஞ்சாப் போதுமுங்ணா, மத்தது நீங்க பாத்துக்குவீங்க" என்றார்.

மாதம் ஒருமுறை, ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பேக்கப்பை ஏற்றி, போன வாரக் கூலி ரிப்போர்ட்டை அச்சிட்டு, கொடுத்த கூலியோடு அவரே ஒத்துப் பார்க்கிறார். கூட்டுத்தொகை ஒத்துப்போனால் அந்த ஃபைலின் பெயரை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

பாக்கி இருப்பது இரண்டு வேலை. ஒன்று, இரண்டு நகலும் இன்னும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பஞ்சும் துணியும் அடுக்கியிருக்கிற இடத்தில் தீ ஒரு நிஜ ஆபத்து, ஒரு நகல் வெளியே போக வேண்டும். இன்னொன்று, அவிநாசிப் பக்கம் அதே முதலாளிக்கு உள்ள இரண்டாம் யூனிட்டில் பழைய ஸ்கிரிப்ட்தான் இன்னும் ஓடுகிறது. அங்கே பேக்கப் ஃபைல்களின் அளவு என்ன என்று பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.